செக் புத்தகமா, நாற்காலியா? வக்கீல் சங்கத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் வழிகள்

எங்கள் வக்கீல் சங்கத்து பைலாவை, அதாவது சங்க விதிகளை, திருத்த ஐந்து பேர் குழு போட்டார்கள். நாலு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் நாளே ஒரு சீனியர், "மேடம் இருக்காவல்லா, லேடீஸ் விஷயத்த அவங்களே எழுதிட்டு வரட்டு" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டார். பொறுப்பைக் கொடுத்தாரா, தட்டிக்கழித்தாரா என்று இன்றுவரை தெரியாது. எப்படியும் எழுத வேண்டியவள் நான்தான். குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று கோர்ட் இருக்கிற ஊரெல்லாம் சங்கமும் இருக்கிறது. எங்களுடையது எது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இதில் வரும் குழப்பம் எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும். டாக்டர் சங்கம், ஆசிரியர் சங்கம், வியாபாரி சங்கம் எதுவானாலும் சரி.

எங்கள் கமிட்டி 12 பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், நூலகர் என ஆறு நிர்வாகிகள். ஆறு செயற்குழு உறுப்பினர்கள். இப்போதைய கமிட்டியில் ஒரு பெண், அவர் நூலகர். அதற்கு முந்தின கமிட்டியிலும் ஒரு பெண், அவரும் நூலகர். சங்க அறைச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. மீசை இல்லாத முகம் ஒன்றே ஒன்றுதான். அவர் மீசையை மழித்தவர்.

முதலில் "எதற்கு ஒதுக்கீடு" என்கிற கட்சி. இதை வில்லத்தனமாக யாரும் சொல்வதில்லை, அன்பாகத்தான் சொல்வார்கள். "நம்ம மாவட்டம் படிச்ச மாவட்டம் மேடம், நீங்க நில்லுங்க, நாங்க ஓட்டுப் போடுறோம்." படித்த மாவட்டம் என்பது உண்மை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். 1000 ஆண்களுக்கு 1019 பெண்கள். படித்தால் தானாக வந்துவிடும் என்றால் எங்கள் சுவரில் இந்நேரம் நாலு புடவை தொங்கியிருக்க வேண்டும்.

கோர்ட்டுக்கு உள்ளேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1937-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் அன்னா சாண்டி என்ற பெண் வக்கீலை முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் சிவில் நீதிபதியாக, நியமித்தது. நாஞ்சில் நாடும் விளவங்கோடும் அப்போது அந்தச் சமஸ்தானத்துக்குள்தான். 1948-ல் அவர் மாவட்ட நீதிபதி, 1959-ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. நியமனத்தாலும் பரீட்சையாலும் நிரப்பப்படும் பெஞ்சில் பெண்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று மேலே நீதிபதி பெண், கீழே இரு தரப்பிலும் வாதாடுகிறவர்கள் பெண்கள் என்று ஒரு கோர்ட் நடப்பது எங்களுக்குச் செய்தியே அல்ல. அதே கட்டடத்தில் பத்தடி தள்ளியிருக்கும் சங்க அறை மட்டும் வேறு நூற்றாண்டில் இருக்கிறது. அங்கே போக ஓட்டு வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

ஓட்டு எப்படி விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைப்பதில்லை. மாவட்டத்தின் கிழக்கா மேற்கா, எந்தச் சாதி, எந்தச் சபை, எந்தக் கட்சி, எந்த சீனியரின் ஆபீஸ். கடைசி வாரம் ராத்திரி விருந்துகள். அந்த விருந்துக்கு வேட்பாளர் பெண் போய் நின்றால் ஒரு பேச்சு, போகாவிட்டால் ஓட்டில்லை. "திறமை இருந்தால் ஜெயிக்கட்டும்" என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: போன தேர்தலில் ஜெயித்த 11 ஆண்களில் திறமைக்காக ஓட்டு வாங்கியவர் எத்தனை பேர்? சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு "ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்ற வழியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

இரண்டாவது கட்சி கொஞ்சம் நியாயமானது: ஒதுக்கீடு வேண்டாம், சூழலை மாற்றுவோம். கமிட்டிக் கூட்டம் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடிகிறது. ஆறுகாணி, பத்துகாணிப் பக்கம் போக வேண்டிய ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து என்ன பேசினாலும் பாதி மனசு பஸ்ஸில்தான் இருக்கும். என் பழைய ஜூனியரிடம், இப்போது தனியாக பிராக்டிஸ் செய்கிறாள், "நீ நில்லேன்" என்று கேட்டேன். "ஜெயிக்கது இருக்கட்டுக்கா, ஜெயிச்சா வீட்டுக்கு எத்தன மணிக்குப் போவேன்?" என்றாள். கூட்டத்தை மதிய இடைவேளைக்கு மாற்றினால் அவளுடைய கேள்வி தீர்ந்துவிடும். செலவில்லை, பைலா திருத்தம்கூட வேண்டாம், ஒரு தீர்மானம் போதும். மாடியில் இருக்கும் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும் அப்படித்தான். தாழ்ப்பாளுக்காக மூன்று மனு கொடுத்த கதையை வேறொரு நாள் சொல்கிறேன்.

ஆனால் இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? கதவு திறந்திருக்கும், உள்ளே இடம் இருக்காது. நேரத்தையும் தாழ்ப்பாளையும் ஒதுக்கீட்டுக்கு மாற்றாக வைக்கக்கூடாது. இதை ஒரு வழி என்றே நான் எண்ணவில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னாலேயே செய்துமுடிக்க வேண்டிய வேலை இது.

மூன்றாவது, மகளிர் பிரிவு. தனிக் கமிட்டி, தனி லெட்டர்பேட். மார்ச் 8-க்கு ஒரே நிறத்தில் சேலை, ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம். எனக்குப் பூக்கோலம் பிடிக்கும். ஆனால் சங்கத்தின் பணம், கோர்ட் புறக்கணிப்புத் தீர்மானம், மாவட்ட நீதிபதியைப் பார்க்கப் போகும் குழு எல்லாம் வேறு அறையில் முடிவாகும்போது பூக்கோலத்துக்கு மட்டும் முழு அதிகாரம் தருவது எதற்கு என்று தெரியாதவளல்ல நான். இந்த வழியை விட்டு நகர்வோம்.

இனி உண்மையான போட்டி மூன்று வழிகளுக்கு இடையில்: நியமனம், இட ஒதுக்கீடு, பதவி ஒதுக்கீடு.

நியமனம் என்பது ஜெயித்த கமிட்டி கூடி இரண்டு மூன்று பெண்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது. சுலபம், வேகம், யாருடைய நாற்காலியும் பறிபோவதில்லை. இதற்கு இப்போது பெரிய இடத்து முன்மாதிரியும் இருக்கிறது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தேர்தல் இன்னும் அறிவிக்கப்படாத மாநில பார் கவுன்சில்களில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்புகள்) பெண்களுக்கு 30 சதவீதம் வேண்டும் என்று சொன்னபோது, அதில் 20 தேர்தல் வழியாகவும் 10 நியமனம் வழியாகவும் வரலாம் என்றது. வேட்பாளர்கள் போதாத இடத்தில் முதல் தடவைக்கு இது ஒரு ஊன்றுகோல்.

ஊன்றுகோல் என்று நான் சொல்வது சொந்த அனுபவத்தில். சில வருஷம் முன்னால் நான் இப்படி நியமன உறுப்பினராக இருந்தேன். கூட்டம் பாதியில் போய்க்கொண்டிருக்கும். மினிட்ஸ் நோட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றி என்னிடம் வரும். தீர்மானம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எழுதி முடிந்திருக்கும். நாலாவது தீர்மானத்தைப் பற்றி இன்னும் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். "இங்க ஒரு கையெழுத்து மேடம்." நான் ஒரு தடவை, நாலாவது பேசி முடியட்டும், பிறகு போடுகிறேன் என்றேன். அறை அமைதியானது. என்னைச் சேர்த்த செயலாளர் மெதுவாக, "மேடம், உங்களக் கொண்டுவந்ததே நான்தான்" என்றார். மிரட்டல் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, ஏனென்றால் அது உண்மை. எனக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவர்கூட இல்லை. நான் போய்ச் சொல்லிக்கொள்ள இந்த அறைக்கு வெளியே ஆளில்லை. கையெழுத்துப் போட்டேன். நாலாவது தீர்மானம் என்னவென்று இப்போது ஞாபகமில்லை. பெரிய விஷயமாக இருந்திருக்காது. கையெழுத்துப் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, நியமனத்தில் எண்ணிக்கை வரும், முதுகெலும்பு வராது. வரைவில் இதை ஒரே ஒரு வரியாக வைத்திருக்கிறேன்: முதல் தேர்தலில் ஒதுக்கிய இடம் காலியாக நின்றால், அந்த ஒரு காலத்துக்கு மட்டும் பொதுக்குழு நியமிக்கலாம். கமிட்டி நியமிக்கக்கூடாது.

இட ஒதுக்கீட்டுக்கு வருவோம். ஆறு செயற்குழு உறுப்பினர்களில் இத்தனை பேர் பெண்கள் என்று எழுதிவைப்பது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் வளாகத்திலேயே இருக்கும் உச்ச நீதிமன்ற வக்கீல் சங்கத்துக்கு இதைத்தான் செய்தது. ஒன்பது செயற்குழு இடங்களில் குறைந்தது மூன்று, ஆறு மூத்த செயற்குழு இடங்களில் குறைந்தது இரண்டு, நிர்வாகிப் பதவிகளில் சுழற்சி முறையில் ஒன்று.

கேட்க எளிது. எப்படி எண்ணுவது என்பதில்தான் சண்டை வரும். ஒரு முறை: எல்லோரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள்; மூன்று பெண்கள் மேலே வராவிட்டால், அதிக ஓட்டு வாங்கிய பெண்களை மேலே தூக்கி, கடைசியில் நிற்கும் ஆண்களை இறக்குவது. எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு இது பிடித்திருந்தது, ஒரே ஓட்டுச் சீட்டு போதும் என்பதால். எனக்குப் பிடிக்கவில்லை. 140 ஓட்டு வாங்கிய ஆண் வெளியே, 60 வாங்கிய பெண் உள்ளே என்று ஒரு தேர்தலில் நடந்தால் போதும், அந்தப் பெண் பதவிக்காலம் முழுக்க 'ஓசி சீட்'. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அந்த 60 குறுக்கே வந்து நிற்கும். இன்னொரு முறை: பெண்களுக்கான மூன்று இடத்துக்குத் தனிச் சீட்டு, அதில் ஆண் பெண் எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போடுவது. அங்கே பெண்ணுக்கும் பெண்ணுக்கும் போட்டி. ஜெயித்தவர் யாரையும் இறக்கிவிட்டு ஏறியவர் அல்ல. உள்ளாட்சியில் நமக்குப் பழக்கமானதும் இதுதான், ஒதுக்கிய வார்டில் ஊரே ஓட்டுப் போடுகிறது.

தனிச் சீட்டில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் உள்ளாட்சியில்தான் கற்றோம். 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு என்றது; 2016-ல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது; 2019 டிசம்பரில் நம் ஊராட்சித் தேர்தல் அந்தப் பாதியோடு நடந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அன்று நான் கேட்டது: "இது பொது வார்டுடே, ஆம்பிளைக்குள்ளது." பொது என்றால் எல்லோருக்கும் என்றுதான் சட்டத்தில் அர்த்தம். பழக்கத்தில் பொது என்றால் ஆண். ஒதுக்கீடு தரை என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள், அது கூரையாகிவிட்டது. அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2024 உத்தரவில், இந்த ஒதுக்கீடு இருப்பதால் மற்றப் பதவிகளுக்குப் பெண்கள் நிற்கத் தடையில்லை என்று தனியாகச் சொன்னது. சொல்லாமலே புரியும் என்று எங்கள் குழுவில் ஒருவர் வாதாடினார். டீக்கடைக்குப் போய் வரச் சொன்னேன். அந்த வரி வரைவில் இருக்கிறது.

இன்னொரு ஓட்டை: ஒதுக்கிய இடத்துக்கு யாரும் மனு போடவில்லையென்றால்? "அப்போ பொதுவுக்கு விட்டுரலாம்" என்பது முதலில் வரும் யோசனை. ரொம்ப இயல்பாகத் தோன்றும். அதை எழுதிய அடுத்த தேர்தலிலிருந்து யாரும் மனு போடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை தொடங்கிவிடும். இது கற்பனை இல்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996-ல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. மனு போட ஆளிருக்காது. போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-ல்தான் தலைவர்கள் நிலைத்து உட்கார்ந்தார்கள். அங்கே "ஆள் வராவிட்டால் பொதுவுக்கு" என்று ஒரு வரி சட்டத்தில் இருந்திருந்தால் கதை 1996-லேயே முடிந்திருக்கும். எங்கள் சங்கம் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். நம்பிக்கையை பைலாவில் எழுத முடியாது என்பதால், முன்பு சொன்ன முதல் தேர்தல் விதிவிலக்கு போக, இடம் காலியாகவே இருக்கட்டும், மூன்று மாதத்துக்குள் மறுபடி தேர்தல் அறிவிக்கட்டும் என்று எழுதினேன்.

சரி, மூன்று பெண் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஒருத்தியாக இருந்தால் எதைப் பேசினாலும் 'லேடீஸ் கருத்து' ஆகிவிடும். மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும், அப்போதுதான் ஆளாளுக்குப் பெயர் வரும். ஆனால் செயற்குழு உறுப்பினரின் கையில் என்ன இருக்கிறது? ஒரு ஓட்டு. நோட்டீஸ், மினிட்ஸ், வங்கிக் கணக்கு எதுவும் அவரிடம் இல்லை.

கடைசி வழி, பதவி ஒதுக்கீடு. ஒரு நிர்வாகிப் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்குவது. எந்தப் பதவி என்று கேட்டால் எங்கள் சங்கத்தில் பத்துக்கு எட்டுப் பேர் "துணைத் தலைவர்" என்பார்கள். மரியாதையான பதவி, தலைவர் ஊரில் இல்லாதபோது மட்டும் வேலை. தலைவர் எப்போதும் ஊரில் இருப்பார். உச்ச நீதிமன்றம் தன் சங்கத்துக்கு 2024-25-ல் ஒதுக்கியது பொருளாளர் பதவி. 2025 ஜனவரியில் பெங்களூரு வக்கீல் சங்கத்துக்குச் சொன்னதும் பொருளாளர் பதவியைத்தான். இதைப் படித்தபோது யாரோ சங்கம் நடத்திப் பார்த்த ஆள் எழுதியதுபோல இருந்தது.

பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் சங்கச் செக் செல்லும். சந்தா, வக்கீல்கள் சேம நல நிதி ஸ்டாம்ப் விற்ற காசு, ஜெராக்ஸ் கடை வாடகை, கேன்டீன் ஏலம், இறந்துபோன உறுப்பினரின் குடும்பத்துக்குப் போக வேண்டிய தொகை எல்லாம் அந்த இரண்டு கையெழுத்தைத் தாண்டித்தான் போகும். கேன்டீன் ஏலம் ஏன் ஒரே ஆளுக்குப் போகிறது என்பதைக் கேள்வி கேட்டு அறிய வேண்டியதில்லை, ரசீதுக் கட்டைப் புரட்டினால் தெரியும். தெரிந்தவரிடம் மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதமே வேறு.

கையெழுத்து இருந்தாலே அதிகாரம் வந்துவிடுமா என்றால், வராது. அதற்கும் ஊராட்சிதான் பாடம். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. ஊராட்சிக் கணக்கில் செக் போட இருவர் கையெழுத்தும் வேண்டும். பெண் தலைவர், அதிலும் பட்டியலினப் பெண் தலைவர் என்றால், துணைத் தலைவர் பேனாவைத் திறக்காமலே வேலையை நிறுத்திவிடலாம். இன்னொரு பக்கம், கூட்டத்தில் கணவரே தலைவர் நாற்காலியில் உட்கார்வதும் நமக்குத் தெரியாததல்ல. "தலைவர் வீட்டுக்காரர்" என்பது ஊரில் ஒரு பதவியாகவே ஆகிவிட்டது. எங்கள் பொருளாளர் ஒரு வக்கீல் என்பதால் கணவர் வந்து உட்கார முடியாது. ஆனால் கணவரும் வக்கீலாக இருந்தால்? இருக்கிறார்கள், ஆறேழு ஜோடி இருக்கிறார்கள். செயலாளர் கையெழுத்துப் போட மறுத்தால்? அதனால் வரைவில் ஒரு சின்னப் பிரிவு: இருவரில் ஒருவர் 15 நாளைக்குள் கையெழுத்திடாவிட்டால் காரணத்தை எழுதிக் கமிட்டி முன் வைக்க வேண்டும், அது மினிட்ஸில் ஏற வேண்டும். எழுதச் சொன்னால் பாதிப் பேர் கையெழுத்தே போட்டுவிடுவார்கள் என்பது 20 வருஷ பிராக்டிஸில் நான் கண்டது.

மிச்சமிருக்கும் கேள்வி, எத்தனை காலம்? 'சுழற்சி' என்ற சொல்லுக்கு எங்கள் குழுவில் நாலு பேரும் தலையாட்டினார்கள். இந்த வருஷம் பொருளாளர், அடுத்த தேர்தலில் நூலகர், அதற்கடுத்து துணைத் தலைவர். நியாயம்போலத் தெரியும். ஒரு பெண் கணக்கைப் புரிந்துகொள்வதற்குள் பதவி கைமாறிவிடும், அவருக்கு ஓட்டுப் போடப் பழகியவர்களுக்கும் பழக்கம் விட்டுப்போகும். பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோவும் அவருடைய கூட்டாளிகளும் மேற்கு வங்க ஊராட்சிகளில் செய்த ஆய்வில் கண்டது இதைத்தான்: தலைவர் பதவி இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் நிற்பதும் ஜெயிப்பதும் அதிகமாக இருந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சியிலும் ஒதுக்கீடு ஒரே தேர்தலில் மாறுவதில்லை, பத்து வருஷம் நிற்கிறது. நல்ல ஏற்பாடு.

ஆய்வு வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்து விளவங்கோடு சட்டசபைத் தொகுதி இருக்கிறது. 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் அங்கே ஜெயித்தவர் விஜயதரணி. 2024-ல் அவர் பதவி விலகி இடைத்தேர்தல் வந்தபோது முக்கியக் கட்சிகள் போட்டிபோட்டுக்கொண்டு பெண்களையே நிறுத்தின. தாரகை கத்பர்ட் ஜெயித்தார். எந்தச் சட்டமும் அந்தத் தொகுதியைப் பெண்களுக்கென்று ஒதுக்கவில்லை. மக்களவைக்கும் சட்டசபைக்கும் மூன்றில் ஒரு பங்கு தரும் 2023-ம் ஆண்டுச் சட்டமே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகுதான் என்று தள்ளிவைக்கப்பட்டது. 13 வருஷம் ஒரு பெண் உட்கார்ந்த இடம் என்ற பழக்கமே வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். பழக்கம் தொடராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1957-ல் குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன் காமராஜரின் எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒரே பெண். மீன்வளமும் உள்ளாட்சியும் அவர் கையில் இருந்தன. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. அப்படித் தொடங்கிய மாவட்டத்திலிருந்து மக்களவைக்கு ஒரு பெண், ஹெலன் டேவிட்சன், போவதற்கு 2009 ஆனது. லூர்தம்மாள் சைமனின் பெயரை என் ஜூனியர்களிடம் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

ஆகவே என் வரைவு இப்படி நிற்கிறது. பொருளாளர் பதவி தொடர்ந்து மூன்று தேர்தலுக்குப் பெண்களுக்கு. அடுத்த மூன்று தேர்தலுக்குச் செயலாளர் பதவி. ஆறு செயற்குழு இடங்களில் மூன்று, தனிச் சீட்டில். 12-ல் நாலு, மூன்றில் ஒரு பங்கு சரியாக வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும்தான் பொதுக்குழு ஏற்கும் என்ற நிலை வந்தால் நான் மூன்று நாற்காலியை விட்டுவிட்டு செக் புத்தகத்தைத்தான் பிடிப்பேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத பெண் வக்கீல்கள் உண்டு. "ஒருத்திய உள்ள அனுப்பி என்ன செய்ய, அவள மடக்கிருவாங்க, மூணு பேர் இருந்தா பயமில்ல" என்கிறார் ஒரு அக்கா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மினிட்ஸ் நோட்டு வந்தபோது பக்கத்தில் இன்னொரு பெண் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று எனக்கே தோன்றுவதுண்டு. ஆனாலும் அந்த நோட்டில் பணம் சம்பந்தப்பட்ட தீர்மானம் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று இருந்திருந்தால், நோட்டே என்னிடம் கடைசியாக வந்திருக்காது.

செயலாளர் பதவியை ஒதுக்குவதுதான் பெரிய கலாட்டா ஆகும் என்று தெரிந்தே இரண்டாவதாக வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பதவிக்கு ஆசைப்படுகிற நாலு பேரும் அதற்குள் நின்று முடித்துவிடுவார்கள், அடுத்த தலைமுறைச் சண்டையை இன்றைக்கு யாரும் போட மாட்டார்கள்.

வரைவைப் படித்துக் காட்டிய அன்று எங்கள் குழுவில் மூத்தவர், எண்பதை நெருங்குகிறவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மக்ளே, பொருளாளரா பொம்பள வந்தா எனக்கு ஒண்ணுமில்ல. கேன்டீன்காரன்தான் பாவம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆதரவு என்றே எடுத்துக்கொண்டு மினிட்ஸில் எழுதினேன்.

பிறகு பேச்சு ஓட்டுச் சீட்டின் நிறத்துக்குப் போய்விட்டது. பொதுச் சீட்டு வெள்ளை என்றால் பெண்கள் சீட்டுக்கு வேறு நிறம் வேண்டும். "ரோஸ் போட்டுரலாம்" என்று உடனே ஒரு குரல். ஊராட்சித் தேர்தலில் ரோஸ் சீட்டு தலைவர் பதவிக்கு, அப்படியென்றால் தலைவர் பதவியையும் தருகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மஞ்சள் என்று முடிவு செய்தார்கள்.

பொதுக்குழு அடுத்த மாதம். மதிய இடைவேளையில் வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.